கட்டணம் வேண்டும், ஆள் வேண்டாம்!

(திருவனந்தபுரத்தில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், ‘பிரிட்டன் நிலவரமும் மாணவர் வாழ்க்கையும்’ என்னும் பொருளில் ஆற்றிய உரை.)

பிரிட்டன் நிலவரம் பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கிறீர்கள். சீமைக்குப் போய் வந்தவர் யாரையாவது அழைத்திருக்கலாம். நாங்கள் சங்குமுகம் கடற்கரைக்கு அப்பால் போனதில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெண் அங்கே இருக்கிறாள். எங்கள் வீட்டுப் பத்திரம் இங்கே வங்கியில் இருக்கிறது. பத்திரத்தை ஈடு வைத்தவனைப்போல ஒரு நாட்டின் அரசியலைக் கருத்தாகப் படிக்கிறவன் உலகத்தில் இல்லை. அவர்கள் பாராளுமன்றத்தில் விசா என்ற சொல் அடிபட்டால், இங்கே அன்றிரவு எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறோம்.

விருந்தாளியாக வந்த விமானம்

முதலில், நம் ஊருக்கு வந்த ஒரு பிரிட்டிஷ் விருந்தாளியின் கதையைச் சொல்லிவிடுகிறோம். 2025 ஜூன் 14-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று நம் விமான நிலையத்தில் அவசரமாக இறங்கியது. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்தது. வானிலை மோசம், எண்ணெய் குறைவு. கப்பலுக்குத் திரும்ப வழியில்லை. இறங்கிய பிறகு பார்த்தால் ஹைட்ராலிக் கோளாறு வேறு. கப்பலிலிருந்து வந்த பொறியாளர்கள் முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. நூறு மில்லியன் டாலருக்கு மேல் விலையுள்ள அந்த இயந்திரம், நம் எடவப்பாதி மழையில் நனைந்துகொண்டு மூன்று வாரம் நின்றது. ஜூலை 6-ஆம் தேதி பிரிட்டனிலிருந்து ஒரு குழு வந்து, அதைக் கொட்டகைக்குள் இழுத்துப் போய்ப் பழுது பார்த்தது. ஜூலை 22-ஆம் தேதி அது பறந்து போயிற்று. ஆக மொத்தம் 38 நாள் வாசம்.

தோழர்களே, இந்த 38 நாளும் நாம் எப்படி நடந்துகொண்டோம்? எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்று யாரும் கேட்கவில்லை. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருப்பு என்று கேட்கவில்லை. மலையாளப் பரீட்சை எழுதினாயா என்று கேட்கவில்லை. நம் காவல் படையினர் இரவும் பகலும் காவல் நின்றார்கள். கேரளச் சுற்றுலாத் துறை, ‘இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை’ என்று அந்த விமானமே சொல்வது போல ஒரு வேடிக்கை விளம்பரம் போட்டது. ஊரே சிரித்தது, பிரிட்டிஷ்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். விருந்தோம்பல் என்றால் அது.

இனி சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு தேதியைப் பாருங்கள். அந்த விமானம் நம் ஊரிலிருந்து கிளம்பிய அதே 2025 ஜூலை 22-ஆம் தேதிதான், பிரிட்டனில் புதிய குடிவரவு விதிகள் நடைமுறைக்கு வந்தன. திறன் தொழிலாளர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 38,700 பவுண்டிலிருந்து 41,700 பவுண்டாக உயர்ந்தது. முதியோரைப் பராமரிக்கும் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது அன்றோடு நின்றது. நம் ஊரிலிருந்து எத்தனை பெண்கள் அந்த வேலையை நம்பிக் கடன் வாங்கிப் படித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் இயந்திரம் நம் வாசலில் வந்து பழுதானால் விருந்தாளி. நம் பிள்ளை அவர்கள் வாசலுக்குப் போனால் பிரச்சினை. இந்த வேடிக்கையைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறோம்.

பவுனைக் கொடுத்துப் பவுண்டு வாங்கினோம்

நம் வீடுகளில் நகையைப் பவுன் கணக்கில் அளக்கிறோம். ஒரு பவுன் என்றால் 8 கிராம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷாரின் தங்க சவரன் நாணயத்தின் எடை அது. அந்த நாணயத்தின் மதிப்பு ஒரு பவுண்டு. அதுதான் நம் வாயில் பவுன் ஆயிற்று. அவர்கள் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், நம் பெண்களின் கழுத்துச் சங்கிலியை அவர்கள் நாணயத்தால்தான் அளந்துகொண்டிருக்கிறோம். எங்கள் பெண் படிக்கப் போனபோது இந்தச் சொல்லின் வரலாறு முழுவதும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. பவுனைக் கொடுத்தோம், பவுண்டு வாங்கினோம்.

அவள் 2023 செப்டம்பரில் வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். கட்டணம் 17,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் 18 லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அது போக, ஒன்பது மாதம் சாப்பிட்டுத் தங்குவதற்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே அப்போது அது மாதம் 1,023 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு 9,207. அந்தத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் அசையாமல் கிடப்பது நம் குடும்பத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. தினமும் காலையில் செல்போனில் கணக்கைத் திறந்து, பணம் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்போம். தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போல. (சிரிப்பு)

இதே தொகை 2025 நவம்பரில் மாதத்துக்கு 1,171 பவுண்டாக உயர்ந்தது, லண்டனில் 1,529. அவர்கள் நாட்டு மருத்துவச் சேவைக்கென்று விசாவோடு சேர்த்து முன்கூட்டியே ஒரு தொகை வாங்குகிறார்கள். மாணவருக்கு ஆண்டுக்கு 470 பவுண்டாக இருந்தது, 2024 பிப்ரவரியில் 776 ஆயிற்று. படிப்பு முடிந்து அங்கே வேலை தேடுவதற்கான இரண்டாண்டு விசாவுக்கு எங்கள் பெண் 2024 கடைசியில் விண்ணப்பித்தாள். விண்ணப்பக் கட்டணம் 822. மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 1,035 வீதம் இரண்டாண்டுக்கு 2,070. மொத்தம் 2,892 பவுண்டு, அதாவது 3 லட்சம் ரூபாய்க்கு மேல். இது வேலைக்கான பணம் அல்ல, தோழர்களே. வேலையைத் தேடுவதற்கு அனுமதி கேட்கும் பணம்.

சீமையில் சாமான் அடுக்குதல்

மாணவர் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். வாடகை அறைக்கு, அந்த நாட்டில் சொத்தோ நல்ல சம்பளமோ உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஜாமீன் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடு என்றார்கள், கொடுத்தோம். அறையின் ஒரு மூலையில் ஈரம் பிடித்துச் சுவர் கறுத்திருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, நீ சமைக்கும்போது ஜன்னலைத் திற என்றாராம். ஜன்னலைத் திறந்தால் குளிர். குளிருக்குக் கணப்பு போட்டால் கட்டணம். ஆக, ரசம் வைப்பதற்கு ஒரு பொருளாதாரக் கொள்கை தேவைப்பட்டது.

படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது விதி. எங்கள் பெண்ணுக்கு ஒரு பேரங்காடியில் வேலை கிடைத்தது. அலமாரிகளில் சாமான் அடுக்கும் வேலை. அவளுடைய தாத்தா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் அடுக்க நாகர்கோவிலிலிருந்து வந்தவர். பேத்தி 18 லட்சம் கொடுத்துக் கடல் கடந்து போயும் குடும்பத் தொழில் விட்டுப்போகவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அவளுக்கு மணிக்கணக்கில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி உண்டு, கூலிச் சீட்டு உண்டு, விடுப்புச் சம்பளம் உண்டு. தாத்தாவுக்கு இதில் ஒன்றும் இருந்ததில்லை. அந்த நாட்டுத் தொழிலாளர் போராடிப் பெற்றதில் நம் பிள்ளைக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. நல்லதை நல்லது என்றே சொல்வோம்.

வகுப்பில் எத்தனை இங்கிலாந்துக்காரர் என்று கேட்டோம். இரண்டு பேர் என்றாள். மற்றவர்கள் நைஜீரியா, சீனா, பாகிஸ்தான், ஹைதராபாத், கொல்லம். பள்ளிக்கூடத்தில் மலையாளப் பாடத்துக்கு முரண்டு பிடித்தவள், அங்கே போய்க் கொல்லத்துக்காரியோடு மலையாளம் பேசிச் சோறு பொங்கிச் சாப்பிடுகிறாள். “நீ இங்கிலீஷ் பேசிப் பழகத்தானே போனாய்?” என்று அவள் அம்மா கேட்டாள். “அம்மா, இங்கிலீஷ் பேசுகிறவர்களைக் கண்டால் அல்லவா பேச முடியும்” என்றாள்.

அவள் மட்டும் அல்ல. 2023-இல் நடந்த கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, இம்மாநிலத்திலிருந்து வெளிநாடு போயிருக்கும் மாணவர் தொகை சுமார் 2.5 லட்சம் என்று கூறிற்று. 2018-இல் அது ஏறக்குறைய 1.3 லட்சம். ஐந்தே ஆண்டில் இரு மடங்கு. அதில் முதலிடம் பிரிட்டனுக்கு. அந்தப் பக்கத்துக் கணக்கைப் பார்த்தாலும் 2022-இல் மாணவர் விசா பெற்றோரில் இந்தியர் சீனரை முந்திவிட்டனர்.

ஒரு கீரையும் மூன்று பிரதமர்களும்

இனி அரசியல். பாத்திரக்கடை அண்ணாச்சி மகன் 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் லண்டனில் போய் இறங்கினான். அக்டோபர் முடிவதற்குள் ஒரு ராணி காலமாகி ஒரு ராஜா வந்தார். போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்று மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டான். லிஸ் டிரஸ் அம்மையார் பதவியில் இருந்தது 49 நாள். லெட்டூஸ் என்று கோஸ் மாதிரி ஒரு கீரை உண்டு. அதற்கு ஒரு பொய்முடியை வைத்து, இந்தக் கீரை வாடுவதற்கு முன் அம்மையார் போவாரா என்று ஒரு பத்திரிகை பந்தயம் நடத்தியது. கீரை ஜெயித்தது. அம்மையாரின் வரிக்குறைப்புத் திட்டத்தால் பவுண்டின் மதிப்பு விழுந்த வாரத்தில்தான் அண்ணாச்சி இரண்டாம் தவணைக் கட்டணத்தைக் கட்டினார். அந்தத் திட்டத்தால் லாபம் அடைந்தவர் உலகத்தில் யாராவது உண்டென்றால், அது நம் சாலைக் கடைத்தெருவில்தான் உண்டு.

ஆனால் கட்சி மாறினாலும் ஒரு பாட்டு மட்டும் மாறவில்லை: ‘வருவோர் தொகையைக் குறைப்போம்.’ கன்சர்வேட்டிவ் அரசு அதைப் பாடியது. 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சியும் அதையே பாடியது. 2025 மே 12-ஆம் தேதி பிரதமர் கியர் ஸ்டார்மர், பிரிட்டன் ‘அந்நியர்களின் தீவு’ ஆகிவிடும் அபாயம் இருக்கிறது என்று பேசினார். அடுத்த மாதமே அந்தச் சொல்லுக்காக வருந்துவதாகச் சொன்னார். சொல்லுக்குத்தான் வருத்தம், அன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கை அப்படியே நின்றது.

ஏன் இந்தப் பாட்டு? வந்தோர் தொகையிலிருந்து போனோர் தொகையைக் கழித்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். 2023-இல் முடிந்த ஓராண்டில் அது 9 லட்சத்தைத் தாண்டியது. 2025 ஜூனில் முடிந்த ஓராண்டில் சுமார் 2 லட்சமாக இறங்கியது. அந்தக் கணக்கில் மாணவரையும் சேர்க்கிறார்கள். வீட்டு வாடகை ஏறினாலும், மருத்துவமனையில் காத்திருக்க நேர்ந்தாலும், இந்தத் தொகையைக் காட்டிவிடலாம். வீடு கட்டாதது யார், மருத்துவமனைக்குப் பணத்தைக் குறைத்தது யார் என்ற கேள்வி எழாது.

இதிலே ஒரு பெரிய முரண்பாடு இருக்கிறது. இங்கிலாந்தின் உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2012-இல் 9,000 பவுண்டு, 2017-இல் 9,250, அதன்பின் விலைவாசி எவ்வளவோ ஏறியும் 2025 வரை அசையவில்லை, அந்த ஆண்டுதான் 9,535 ஆயிற்று. விழுந்த துண்டை எதைக்கொண்டு மூடுவது? வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தைக்கொண்டுதான். அதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆகவே பல்கலைக்கழகத்தின் வாசலில் ‘வருக வருக’ என்று பலகை. உள்துறை அமைச்சகத்தின் வாசலில் ‘போதும் போதும்’ என்று பலகை. இரண்டு பலகைக்கும் நடுவே நம் பிள்ளை பெட்டியோடு நிற்கிறது.

2025 நவம்பர் பட்ஜெட்டில் இன்னொன்றும் அறிவித்தார்கள். 2028 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 925 பவுண்டு வீதம் அரசுக்குக் கட்ட வேண்டும். முதல் 220 மாணவருக்கு விலக்கு உண்டு. அந்தப் பணத்திலிருந்து உள்நாட்டு ஏழை மாணவருக்கு உதவித்தொகை கொடுப்பார்களாம். பல்கலைக்கழகம் அதை யார் தலையில் வைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஏழைப் பிள்ளை படிப்பதில் நமக்கு வருத்தம் இல்லை. அதுவும் ஒரு தொழிலாளியின் பிள்ளைதான். ஆனால் கரமனையில் ஈடு வைத்த வீடு, இங்கிலாந்தில் ஒரு பிள்ளையின் உதவித்தொகைக்குக் காசு கொடுக்கும்போது, ‘வந்தவர்கள் நம்மைச் சுரண்டுகிறார்கள்’ என்ற பேச்சையாவது நிறுத்த வேண்டாமா?

திறந்து மூடும் கதவு

இந்தக் கதவு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1940-களில் லண்டனில் ஒரு விடுதி அறையை மூன்று மாணவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் உழவூரைச் சேர்ந்த கே. ஆர். நாராயணன். பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்றவர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று, டாட்டா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனவர். அங்கிருந்தபடியே இந்தியப் பத்திரிகைக்கு லண்டன் நிருபராகவும் எழுதினார். இன்னொருவர் கே. என். ராஜ். 1971-இல் நம் ஊரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கியவர் இவரே. மூன்றாமவர் வீராசாமி ரிங்காடு. மொரீஷியசுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழ்க் கூலிகளின் வழித்தோன்றல். பின்னாளில் நாராயணன் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். ரிங்காடு 1992-இல் மொரீஷியசின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். ஒரே அறையில் இரண்டு குடியரசுத் தலைவர்கள்! அன்று அந்த வீட்டுக்காரர் வாடகைக்கு யாரை ஜாமீன் கேட்டாரோ, தெரியவில்லை. (சிரிப்பு)

அதன்பின் கதவின் வரலாற்றைக் கேளுங்கள். 1962-இல் காமன்வெல்த் குடிவரவுச் சட்டம் வந்தது. அதுவரை சுதந்திரமாகப் போன நம்மவர்க்கு அனுமதிச் சீட்டு தேவையாயிற்று. 1980-இல் தாட்சர் அரசு, வெளிநாட்டு மாணவர் முழுச் செலவையும் கட்டணமாகக் கட்ட வேண்டும் என்று ஆக்கியது. 1985-இல், ஈழத்தில் தமிழர் உயிருக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இலங்கையர் விசா இன்றி வரக்கூடாது என்றார்கள். காமன்வெல்த் நாடொன்றுக்கு அவர்கள் அப்படி விதித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் அது வந்தது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழ் அகதிகள் உடையைக் களைந்து நின்று போராடினார்கள். அந்தக் காட்சியை நம் தலைமுறை மறக்காது.

மாணவர் கதையும் அப்படியே. படிப்பு முடித்தபின் வேலை செய்யும் விசாவை 2012-இல் மூடினார்கள். மாணவர் வரவு குறைந்து கல்லாப்பெட்டி காலியானதும், 2021 ஜூலையில் இரண்டாண்டு விசாவாகத் திறந்தார்கள். கூட்டம் கூடியதும், 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான முதுகலை மாணவர் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ அழைத்து வரக்கூடாது என்றார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை, இளங்கலை மாணவருக்கு அந்த இரண்டாண்டு 18 மாதமாகக் குறையும் என்று விதி செய்தார்கள். கதவில் பூட்டு மட்டும் இல்லை. கூடவே ஒரு கல்லாப்பெட்டியும் இருக்கிறது. பெட்டி காலியானால் கதவு திறக்கும், நிறைந்தால் மூடும்.

ஒரு நாட்டுக்குத் தன் வாசலைக் காக்க உரிமை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்வது அவர்கள் உரிமை. நாங்கள் கேட்பது ஒன்றே: பணம் வாங்கிக்கொண்ட நாளில் என்ன சொன்னாயோ, அதைப் படிப்பு முடியும் வரை மாற்றாதே. கடையில் துணி அளந்து வெட்டியபின் விலையை மாற்றுகிற வியாபாரிக்கு நம் சாலைக் கடைத்தெருவில் என்ன பெயர் என்பது உங்களுக்குத் தெரியும்.

அங்கேயும் நம்மவர் உண்டு

இதைக் கேட்டு, வெள்ளைக்காரன் எல்லாம் ஒன்றுதான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1976 முதல் 1978 வரை லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படத் தொழிற்சாலையில், குஜராத்தைச் சேர்ந்த ஜெயாபென் தேசாய் தலைமையில் புலம்பெயர்ந்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சேலை கட்டிய அந்தப் பெண்களுக்கு ஆதரவாக யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர் வந்து நின்றார்கள். அந்தத் தொழிற்சாலைத் தபாலைத் தொட மாட்டோம் என்று தபால் ஊழியர் மறுத்தார்கள். போராட்டம் தோற்றது. ஆனாலும் யார் யாரோடு நின்றார்கள் என்பது நிலைத்துவிட்டது.

2024 ஆகஸ்டிலும் அதைக் கண்டோம். ஜூலை 29-ஆம் தேதி சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு, கொன்றவன் அகதியாக வந்தவன் என்று பொய்ச்செய்தி பரவிக் கலவரம் மூண்டது. எங்கள் பெண் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இங்கே எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஆகஸ்ட் 7-ஆம் தேதி இன்னும் பல ஊர்களில் கலவரம் நடக்கும் என்று பேச்சு இருந்தது. அன்று மாலை பல ஊர்களில் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் தெருவுக்கு வந்து, புலம்பெயர்ந்தோருக்குக் காவலாக நின்றார்கள். எதிர்வீட்டுக் கிழவி ஒருவர் எங்கள் பெண்ணின் கதவைத் தட்டி, “கடைக்குப் போக வேண்டுமானால் சொல், நானும் வருகிறேன்” என்றாராம். பிரிட்டன் என்றால் உள்துறை அமைச்சகம் மட்டும் அல்ல. அந்தக் கிழவியும் பிரிட்டன்தான்.

நம் முற்றத்தைப் பார்ப்போம்

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறோம், கோபிக்காதீர்கள். நாமும் இந்த ஊருக்கு வந்தவர்கள்தான். நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி என்று பல திசையிலிருந்து நம் பெற்றோர் வந்து, சாலையில் மூட்டை சுமந்தார்கள், துணி தேய்த்தார்கள், கட்டடம் கட்டினார்கள். வேலை நடக்கும் வரை ‘அண்ணாச்சி’. வாய்த்தகராறு வந்தால் ‘பாண்டி’. அந்தச் சொல்லின் சூடு நமக்குத் தெரியும். நம் பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டும் என்று மனுக் கொடுத்து நாம் அலைந்ததும் நினைவிருக்கிறது.

இப்போது நம் இடத்தில் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தோழர்கள் வந்திருக்கிறார்கள். கேரள அரசு அவர்களை ‘அதிதி தொழிலாளி’ என்கிறது. விருந்தாளித் தொழிலாளி என்று பொருள். இம்மாநிலத்தில் 2010-இலேயே வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று ஒரு நலத்திட்டம் வந்தது. அது பெருமைக்குரியதே. ஆனால் நம்மில் சிலர் ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறோமே! ஊரில் ஒரு சைக்கிள் காணாமற்போனால் முதலில் அவர்கள் பக்கம் பார்க்கிறோமே! எங்கள் பெண்ணின் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே பேசும்போது, அவர் முகம் நமக்குள்ளும் எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பிரிட்டனிடம் ஒரு நியாயம் கேட்டுவிட்டு, பங்களாவில் குடியிருக்கும் வங்காளித் தோழனுக்கு அதை மறுத்தால், நம் கேள்விக்கு எடை இல்லை.

பத்திரத்தைத் தொடும் முன்

கடைசியாகச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். போகாதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டோம். போய்ப் படித்து உயர்ந்தவர் நம்மிலும் உண்டு. 2024 தேர்தலில் லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு–போ தொகுதியில் வென்று பாராளுமன்றத்துக்குப் போன உமா குமரன், ஈழத்திலிருந்து ஓடிப்போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் மகள். கதவு முழுக்க அடைபட்டுவிடவில்லை. ஆனால் பத்திரத்தைத் தொடும் முன் சில விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று: ஏஜெண்டு சொல்வது விதி அல்ல, பிரிட்டிஷ் அரசு எழுதி வெளியிடுவதே விதி. அதையும் எந்தத் தேதியில் எழுதியது என்று பாருங்கள். ஏஜெண்டுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது. ஆகவே அவர் வாயிலிருந்து ‘வேண்டாம்’ என்ற சொல் வராது. எங்களிடம் ஒருவர், படிப்பு முடிந்தால் வேலை உறுதி என்று காகிதத்தில் எழுதாமல் வாயால் மட்டும் சொன்னார். வாயால் சொன்னதை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது?

இரண்டு: மாணவரைச் சேர்க்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு உள்துறை வெளியிடுகிறது. சேரப்போகும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று: அங்கே வேலை கிடைத்துக் கடனை அடைப்போம் என்று கணக்குப் போடாதீர்கள். வேலை கிடைக்காமல் ஓராண்டில் திரும்பி வந்தால் மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். 41,700 பவுண்டு என்பது படித்து முடித்த பிள்ளைக்கு முதல் வேலையில் எளிதில் கிடைக்கும் சம்பளம் அல்ல; புதிதாக வேலைக்குச் சேர்வோருக்குக் குறைந்த வரம்பு உண்டென்றாலும், அதற்கும் விசா கொடுக்க உரிமம் பெற்ற முதலாளி வேண்டும்.

நான்கு: கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடு கேட்கும். இருப்பு காட்டுவதற்காக 28 நாளுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கிறோம் என்று வருவோரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டினால், விசா மறுக்கப்படும்போது போவது பிள்ளையின் பெயர்.

ஐந்து: தைக்காட்டில் நோர்க்கா அலுவலகம் இருக்கிறது. தொழிலாளர் துறையின் கீழ் ஓடெப்பெக் இருக்கிறது. கேட்பதற்குக் காசு இல்லை. நாம் தமிழர்கள், நமக்குப் பதில் சொல்வார்களா என்று தயங்க வேண்டாம். தமிழில் கேளுங்கள், மலையாளத்தில் கேளுங்கள்; இரண்டு மொழி தெரிந்ததுதானே நம்முடைய ஒரே முதலீடு.

பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்கள், அனுப்ப நினைக்கும் குடும்பங்கள் இரண்டையும் ஒன்றாக உட்காரவைக்க நம் சங்கம் முன்வர வேண்டும். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக இருட்டில் கணக்குப் போடுவதால்தான் ஏஜெண்டுக்கு வெளிச்சம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்திலேயே காகிதங்களைக் கொண்டு வாருங்கள். நாங்கள் பட்ட செலவின் ரசீது ஒன்று விடாமல் எடுத்து வைத்திருக்கிறோம், எல்லோரும் பார்க்கலாம். எந்தக் கட்டணம் எந்த மாதத்தில் ஏறியது என்பது எங்கள் வீட்டுக்காரிக்கு மனப்பாடம். அங்கே பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க நம்மால் முடியாது. இங்கே நம் பாராளுமன்ற உறுப்பினரிடம், படிப்பின் நடுவே விதியை மாற்றக் கூடாது என்று பிரிட்டனோடு பேசும்போது கேட்டாயா என்று கேட்க முடியும். 2025 ஜூலை 24-ஆம் தேதி இரு நாடும் வாணிப ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, காருக்கும் விஸ்கிக்கும் தீர்வை எவ்வளவு என்று நுணுக்கமாகப் பேசினார்கள். நம் பிள்ளைகளின் 18 லட்சத்துக்கும் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்போம். மனுவின் நகல் வெளியே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.